நான் இறக்கிவிட்ட பதினெட்டுப் பேர்

1

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. நாற்காலி போதாவிட்டால் ஜன்னல் திட்டில் உட்காருங்கள். அந்தப் பூந்தொட்டியைக் கீழே இறக்கிவிடலாம், அது ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. காபி சட்டியில் இருக்கிறது. கதை சொல்கிறேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், சொல்லத்தான் போகிறேன்.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்றை ஒப்புக்கொண்டுவிட வேண்டும். இந்தக் கதையை நான் முதல் தடவையாக எழுதவில்லை. போன வருடம் ஒரு தடவை எழுதியிருக்கிறேன். ஒரே பக்கம். பல்கலைக்கழகத்தின் படிவத்தில், கீழே பெயர் போடாமல். அதற்கு ஒரு மண்டபம் நிறையக் கைதட்டல் கிடைத்தது. நான் எழுதியவற்றில் வேறு எதற்கும் அத்தனை பேர் கைதட்டியதில்லை. நான் எழுதியவற்றில் வேறு எதுவும் அத்தனை கெடுதல் செய்ததும் இல்லை.

இது அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதுகிற முயற்சி.

2

தொடக்கம் சரியாக வரவில்லை. ஒளிக்காமல் காட்டிவிடுகிறேன்.

“எங்கள் கோய்வுனியெமி ஊர் ஏரிக்கரையில் ஹெல்கா என்று ஒரு மாணவி இருந்தாள்.” அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கினால் நீங்கள் உடனே ஹெல்காவின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வீர்கள். மற்றவர்கள் அவளுக்குப் பின்னால் மரங்களைப்போல நின்றுவிடுவார்கள். போன வருடம் நான் செய்த தப்பே அதுதான்.

“பத்தொன்பது பேர் இருந்தார்கள்.” இதையும் அடித்துவிட்டேன். பத்தொன்பது பேரை ஒரே வரியில் நிறுத்தினால் பஸ் நிறுத்தம் மாதிரி இருக்கிறது. ஒரு முகமும் தெரியவில்லை.

“அன்பும் உழைப்பும் ஒன்றுகூடினால்” – சீ. இது வாழ்த்து அட்டை.

“ஒரு துறை இருந்தது.” 

இது இருக்கட்டும். மரப்பலகைக்கு யாரும் பொறாமைப்பட மாட்டார்கள்.

3

ஒரு துறை இருந்தது. எங்கள் நான்கு குடியிருப்புக் கட்டடங்களுக்கும் பொதுவாக, ஏரித் தண்ணீரில் மிதக்கிற மரத்துறை. ஜூன் மாதம் வந்தால் ஜமுக்காளங்களைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு அங்கேதான் போவோம். பைன் சோப்பைத் தேய்த்து, பிரஷ்ஷால் உரசி, கைப்பிழிபொறியில் பிழிந்து, கம்பத்தில் போட்டுவிட்டு, காயும்வரை ஊர்க்கதை பேசுவோம். குளிர்காலம் முழுக்கப் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தலையை மட்டும் ஆட்டுகிறவர்கள், துறையில் கால் நனைந்ததும் வாய் திறந்துவிடுவார்கள்.

நான்கு வருடங்களுக்கு முன்னால் நகராட்சி அதில் ஒரு தாளை ஒட்டியது. பலகைகள் மக்கிவிட்டன, இலையுதிர்காலத்தில் அகற்றப்படும் என்று. நாங்கள் படித்தோம். தலையை ஆட்டினோம். வீட்டுக்குப் போனோம்.

எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்த ஹெல்கா, புவியியல் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அவள் இன்னொரு தாளை ஒட்டினாள்: “சனிக்கிழமை பத்து மணி, துறையில் தல்கோ. சுத்தியல் இருப்பவர்கள் சுத்தியலோடு, இல்லாதவர்கள் கையோடு. சூப் உண்டு.” 

தல்கோ என்றால் உங்களில் பலருக்குப் புரியும், புரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எல்லாரும் சேர்ந்து கூலியில்லாமல் ஒரு வேலையை முடித்துவிட்டு, ஒரே பானையில் சாப்பிட்டுவிட்டுக் கலைவது. யார் வந்தார், யார் என்ன செய்தார் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. நன்றி சொல்லி யாரும் பேசுவதில்லை. அதுதான் அதன் ஒழுங்கு.

பத்தொன்பது பேர் வந்தோம். முதலில் வந்தது முதல் மாடி ரைலி, கையில் தன் பெரிய பானையோடு.

“சூப் உண்டுன்னு போட்டிருக்கியே, யாரு செய்யப்போறா?”

“நான்தான்” என்றாள் ஹெல்கா.

“பட்டாணி ஊறப்போட்டியா?”

“ஊறப்போடணுமா?”

“கேட்டுக்கோங்க! பூமியையே படிக்கிற பொண்ணு, பட்டாணி ஊறணும்னு தெரியல. அந்தக் கரண்டியை இப்படிக் குடு. நான் நேத்தே ஊறப்போட்டுட்டேன்.”

அடுத்து ரெய்யோ. நாற்பது வருடம் கூரைத் தச்சராக இருந்தவர். ஹெல்கா கடையில் வாங்கி வந்திருந்த ஆணியை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

“இது படம் மாட்டத்தான் ஆகும்.”

“அப்போ எந்த ஆணி, ரெய்யோ?”

“நகரு.”

(எங்கள் ஊரில் எல்லாருக்கும் எல்லாரும் ‘நீ’தான், வயதும் பதவியும் பார்ப்பதில்லை. கேட்கிறவர்களில் வெளியூர்க்காரர் யாருக்காவது கூச்சமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

பலகைகளை மாற்றி முடித்ததும் ரெய்யோ துறையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். “மக்கினது தண்ணியால இல்ல. குளிர்காலத்துப் பனிக்கட்டி இதைக் கடிச்சுக் கடிச்சுத் தின்னுது. குளிருல இது கரையில தூங்கட்டும்” என்றார். அடுத்த சனிக்கிழமை, துறை உருண்டு கரையேறுவதற்காக, தேவதாரு மரத்தில் இரண்டு தண்டவாளமும் பதினான்கு உருளைகளும் செய்துகொண்டு வந்தார். அதன்பின் ஒவ்வோர் அக்டோபரிலும் எல்லாரும் சேர்ந்து துறையைக் கரைக்கு இழுத்தோம். ஒவ்வொரு மே மாதமும், ஏரிப் பனி உடைந்ததும், தோள் கொடுத்துத் தண்ணீருக்குள் தள்ளினோம். பதினைந்து தோளுக்குக் குறைந்தால் அது அசையாது. எனக்கு மூட்டு வலி. நான் ஆணி டப்பாவைப் பிடித்துக்கொண்டு, தள்ளுகிறவர்களுக்குப் பொய்க்கதை சொல்லிச் சிரிக்க வைப்பேன். அதுவும் ஒரு வேலைதான் என்று ரைலி சொல்வாள். “இவ வாயை மூடினா துறை நகராது.”

இப்படி மூன்று வருடம்.

4

இப்போது வருவது எழுதக் கை கூசுகிற பகுதி.

சமூகத்துக்குத் தொண்டு செய்கிற, முன்னின்று நடத்துகிற மாணவர்களைப் பல்கலைக்கழகம் ஒவ்வொரு வருடமும் கௌரவிக்கும். தெரிந்தவர்கள் முன்மொழியலாம் என்று நூலகத்தில் சுவரொட்டி இருந்தது. எனக்கு ஹெல்காவின்மேல் அத்தனை பிரியம். படிப்பு முடியப்போகிறது, போகும்போது அவள் கையில் ஏதாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். படிவத்தை எடுத்து வந்து எழுதினேன். அந்த முதல் கடிதத்தில் பத்தொன்பது பேரும் இருந்தார்கள். ரைலியின் பட்டாணிகூட இருந்தது.

ஒரு வாரம் கழித்து மாணவர் நலப் பிரிவிலிருந்து ஓர் இளைஞன் தொலைபேசியில் கூப்பிட்டான். மிகவும் மரியாதையான பிள்ளை.

“கடிதம் படிக்க ரொம்ப நல்லாருக்கு. ஆனா ஒரு கடிதத்துக்கு ஒரு ஆளுக்குத்தான் விருது. இதுல யாரு முன்னாடி நின்னாங்கன்னே தெரியலையே?”

“யாரும் முன்னாடி நிக்கல தம்பி. துறையைத் தள்ளும்போது எல்லாரும் பின்னாடிதான் நிப்போம்.”

சிரித்தான். “அழகாச் சொன்னே. ஆனா என் தாள்ல ‘தலைமை’ன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல போட எனக்கு ஏதாவது வேணுமே. அவ என்ன செஞ்சாங்கிறதை மட்டும் எழுதிக் குடுக்கறியா?”

அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். கட்டம் அவனுடையது. பேனா என்னுடையது.

மறுநாள் காலை சமையலறை மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொருவராகக் கடிதத்திலிருந்து இறக்கிவிட்டேன். படகிலிருந்து இறக்கிவிடுவதுபோலத்தான். மூன்றாவது கட்டடத்து அண்ணன் தம்பியை இறக்கினேன். பலகைகளுக்கு வர்ணம் பூச வந்த, சின்னப் பெண்ணொருத்தியின் அம்மாவை இறக்கினேன். ரைலியைப் பானையோடு இறக்கினேன். என்னையும் இறக்கிக்கொண்டேன், அப்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, எவ்வளவு அடக்கமானவள் நான் என்று. கடைசியில் ரெய்யோ. அவரை இறக்கினால் உருளைகள் சொந்தக்காரர் இல்லாமல் நின்றன. அவற்றையும் எடுத்துவிட்டால் கடிதத்தில் முதுகெலும்பே இல்லை. ஆகவே உருளைகளை ஹெல்காவுக்குக் கொடுத்துவிட்டேன்.

“பனியின் பல்லிலிருந்து துறையைக் காக்கும் உபாயத்தை அவளே கண்டாள். இன்று அந்த ஏரிக்கு அவள் பெயர் தெரியும்.”

நல்ல வரி. இரண்டு தடவை உரக்கப் படித்தேன். ‘முன்மொழிபவர் பெயரை வெளியிட வேண்டாம்’ என்ற இடத்தில் குறி போட்டு, தபாலில் சேர்த்தேன்.*

* இந்த இடத்தில் “நான் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை” என்று எழுதியிருந்தேன். உண்மைதான். ஆனால் அந்த வரி இங்கே நிற்பது என் வசதிக்காகத்தான் என்று பட்டது. எடுத்துவிட்டேன்.

5

ஏப்ரலில் விழா. ஹெல்கா எங்கள் மூன்று பேரை, ரெய்யோவையும் ரைலியையும் என்னையும், தன் விருந்தினராகக் கூப்பிட்டிருந்தாள். மூன்றாவது வரிசை, மேசையில் காபியும் கேக்கும். ரெய்யோ தன் தங்கையின் சவ அடக்கத்துக்கு வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஹெல்கா யாரிடமோ இரவல் வாங்கிய மேலாடையில் மேடையில் நின்றாள்.

யாரோ தன்னை முன்மொழிந்திருக்கிறார்கள் என்றுதான் அவளுக்குத் தெரியும். கடிதத்தை அவள் பார்த்ததில்லை.

துணைவேந்தர் அதை உரக்கப் படித்தார். நல்ல குரல். என் வரிகள் அந்தக் குரலில் எனக்கே புதிதாக இருந்தன. உபாயம் வந்தது. ஏரி வந்தது. மண்டபம் கைதட்டியது, நானும் சேர்த்துத் தட்டினேன். பக்கத்தில் ரெய்யோ, சர்க்கரை போட்டுக்கொள்ளாத மனிதர், தன் காபியைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தார்.

ஹெல்கா எங்கள் வரிசையைப் பார்த்தாள். பிறகு ஒலிபெருக்கியின் முன்னால் வந்தாள்.

“இது… இதை நான் தனியாச் செய்யல. உண்மையாவே. அந்த உருளை என்னோட…”

மண்டபம் அன்பாகச் சிரித்துக்கொண்டே இன்னும் பலமாகக் கைதட்டியது. அவளுக்கு முன்னால் விருது வாங்கிய நான்கு பேரும் அதையேதான் சொல்லியிருந்தார்கள். எங்கள் ஊரில் பரிசு வாங்குகிறவர் அப்படித்தான் சொல்ல வேண்டும்; சொல்லாவிட்டால்தான் முகம் சுளிப்பார்கள். அவள் சொன்னது நிஜம் என்பது ஒருவர் காதிலும் விழவில்லை. துணைவேந்தர் அவள் தோளைத் தட்டி, கண்ணாடியில் செய்த குழிவான பிர்ச் மர இலை ஒன்றைக் கையில் வைத்தார். அடுத்த பெயர் வாசிக்கப்பட்டது.

வெளியே வந்ததும் ரெய்யோ அவளுக்குக் கை கொடுத்தார். “வாழ்த்துகள்.”

“ரெய்யோ, அந்தக் கடிதத்துல…”

“நல்லா இருந்துச்சு.”

“கேக்கும் நல்லாத்தான் இருந்துச்சு” என்றாள் ரைலி.

பஸ் நிறுத்தத்தில் நாங்கள் மூன்று பேர் மட்டும் நின்றோம்.

“இந்த விருதுக்கெல்லாம் அவங்கவங்களே எழுதிப் போட்டுக்குவாங்களாம். எங்க அக்கா பேத்தி சொன்னா” என்றாள் ரைலி.

“ம்” என்றார் ரெய்யோ.

“எழுதட்டும், வேணாங்கல. அதுக்காக உருளையைக்கூடவா?”

“பஸ் வருது.”

பஸ்ஸில் பதினான்கு நிமிடப் பயணம். “எழுதியது அவள் இல்லை, நான்” என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். நான் கைப்பையில் பஸ் அட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன். அட்டை கையிலேயே இருந்தது.

6

பனி உடைந்தது. மே மாதத்து மூன்றாவது சனிக்கிழமை, பத்து மணி. மாடிப்படியில் ஹெல்காவின் தாள் எட்டு நாளாகத் தொங்கியது. 

ரைலிக்குத் தலைசுற்றல் என்று சேதி வந்திருந்ததால் ஹெல்கா தானே சூப் வைத்தாள். பட்டாணியை முந்தின நாளே ஊறப்போட்டிருந்தாள். முப்பது பேருக்கு ஆகும் பானையைக் கைவண்டியில் வைத்து, தளும்பாமல், குறுகிய பாதையில் ஏரிக்குத் தள்ளிக்கொண்டு போனாள். மேசையில் கிண்ணங்களை அடுக்கினாள். கறுப்பு ரொட்டியை நறுக்கித் துணியால் மூடினாள். பத்தேகாலுக்கு, ஒரு தடவை பாதையைப் பார்த்தாள். பத்தரைக்கு, தண்டவாளத்தில் கிடந்த காய்ந்த இலைகளைக் கையால் பொறுக்கினாள், வருகிறவர்களுக்கு வழுக்கக்கூடாதே என்று. பதினொன்றுக்கு, துறையின் பின்னால் போய் நின்று, தோளை வைத்து, தனியாக ஒரு தள்ளுத் தள்ளிப் பார்த்தாள். அசையாது என்று அவளுக்குத் தெரியும். இரண்டாம் தடவையும் தள்ளினாள். அப்போது அவள் மனதில் –

நிறுத்துகிறேன். அவள் மனதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. கதை எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் உள்ளே புகுந்து ஏதாவது எடுத்துக்கொண்டு வருவார்கள். நான் புகுந்தது போதும்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: இலை பொறுக்கியதும் தோள் வைத்ததும் என் இரண்டாம் மாடி ஜன்னலிலிருந்து தெரிந்தன. நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றிருந்தேன். மேலே வேறு ஜன்னல்களிலும் திரைகள் அசைந்தன. யாருக்கும் அவள்மேல் வன்மம் இல்லை. “இந்தத் துறை இப்போ பல்கலைக்கழகத்தோடது ஆயிடுச்சே, அவங்க ஆளுங்க வருவாங்க” என்றார்கள். “கூப்பிட்டா போயிருப்போம்” என்றார்கள், தாள் தொங்கிய பலகைக்கு எதிரிலேயே. கதவைத் தட்டி யாரும் யாரையும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் கதவைத் தட்ட மாட்டோம். அவளும் தட்டவில்லை.

நான் இறங்கிப் போயிருக்கலாம். ஒரு தோளால் துறை நகராது. ஆனால் சூப் குடித்திருக்கலாமே.

7

ஜூன் நடுவில் ஹெல்கா வடக்கே, கெமிக்கு வேலைக்குப் போனாள். போவதற்கு முந்தின நாள் கரையில் கிடந்த துறையின்மேல் உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். 

“அந்த வரி நீ எழுதினதுதானே?” என்றாள்.

“எந்த வரி?”

“ஏரிக்கு என் பேரு தெரியும்னு. பனிக்குப் பல்லு இருக்குன்னு. இந்த ஊருல வேற யாருக்கு அப்படி வாய் வரும்?”

நான் பலகையில் எழும்பியிருந்த ஒரு மரச்சிம்பைக் கிள்ளினேன்.

“அன்னைக்கு மேடையிலயே கண்டுபிடிச்சிட்டேன்.”

“அப்புறம் ஏண்டி யார்கிட்டயும் சொல்லல?”

“நீ சொல்லுவேன்னு இருந்தேன்” என்றாள். 

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் சும்மா, மழை வரும்போல என்று சொல்கிற குரலில் சொன்னாள். பிறகு எழுந்து, என் கையைப் பிடித்து எழுப்பிவிட்டு, மேட்டில் ஏறும்வரை கையை விடாமல் கூட்டிக்கொண்டு வந்தாள். மறுநாள் நான் திரும்பிப் போனபோது, துறையின் சோப்பு வைக்கிற தட்டில் அந்தக் கண்ணாடி இலை இருந்தது. உள்ளே மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது.

8

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: ரெய்யோ கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு வருகிறார், பின்னால் எல்லாரும் வருகிறார்கள், துறை ஓசையோடு தண்ணீரில் இறங்குகிறது. எனக்கு இதை எழுத நன்றாக வந்தது. அதனாலேயே கிழித்துவிட்டேன்.

இரண்டாம் முடிவு: நான் ரெய்யோவின் கதவைத் தட்டி உண்மையைச் சொல்கிறேன், அவர் – 

இங்கே பேனா நின்றுவிடுகிறது. அவர் என்ன சொல்வார் என்று நான் எழுதினால் இன்னொரு தடவை அவர் சொத்தை எடுத்ததாகிவிடும். கதவை முதலில் தட்ட வேண்டும், எழுதுவது பிறகு. நேற்று மதியம் தட்டினேன். எழுபத்தெட்டு வயதில் முதல் தடவையாக, அழைக்கப்படாமல் ஒரு கதவைத் தட்டினேன். திறந்தார். சொன்னேன். என் செருப்பைப் பார்த்தார். 

“உருளைக்குத் தார் பூசி ஒரு வருஷம் ஆச்சு” என்றார். கதவு சாத்தப்பட்டது. மெதுவாகத்தான் சாத்தினார். அதற்கு என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

மூன்றாம் முடிவு உங்களிடம் இருக்கிறது. இந்தப் பக்கங்களை இன்று காலை நான்கு கட்டடங்களின் மாடிப்படி அறிவிப்புப் பலகைகளிலும் குத்தி வைத்துவிட்டேன், முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, கீழே என் முழுப்பெயரோடு. ஒரு பிரதி கெமிக்குப் போயிருக்கிறது. ஏரியில் பனி செவ்வாய்க்கிழமை உடைந்தது. பட்டாணி ஊறுகிறது. நாளை சனிக்கிழமை, பத்து மணிக்கு, பானையோடு நான் கரையில் இருப்பேன். என்னோடு எத்தனை பேர் என்று இந்தக் கதையில் எழுதப்போவதில்லை. கணக்கில் பதினைந்து தோள் வேண்டும். அதில் ஒன்று உங்களுடையதா என்பது எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

சரி, கண்ணுகளா, பூந்தொட்டியை ஜன்னலில் திரும்ப வைத்துவிட்டுப் போங்கள். உங்கள் வீட்டு ஜமுக்காளங்கள் வெயிலில் நன்றாகக் காயட்டும். உங்கள் பானையில் ஓர் ஆளுக்கு அதிகமாகவே எப்போதும் சூப் இருக்கட்டும். உங்கள் வீட்டில் தூக்க வேண்டிய பாரம் எதுவானாலும், கூப்பிடும் முன்னே பக்கத்தில் இன்னொரு தோள் வந்து நிற்கட்டும். அந்தத் தோளுக்கு உரியவரின் பெயரை உங்கள் வீட்டில் யாரும் மறக்காமல் இருக்கட்டும்.